நான்கு வருட ஏர்சாஃப்ட் அனுபவம்: எல்லாம் நல்லா இருக்கு, அந்த ஹாப்-அப் சக்கரத்தைத் தவிர

என் ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் குண்டு சுட்டு ஆடும் விளையாட்டு) துப்பாக்கியின் கியர்பாக்ஸை, அதாவது பற்சக்கரப் பெட்டியை, பழுது பார்த்து முடித்து, அதை மறுபடி ஆட்டத்துக்கு எடுத்துப் போய்த் திரும்பிய இரவில் இதை எழுதுகிறேன். இன்றைக்குத்தான் நண்பன் ஒருவன் கேட்டான்: "நானும் ஏர்சாஃப்ட் ஆட வரலாம்னு இருக்கேன். முதல் துப்பாக்கியா உன்கிட்ட இருக்கிறதையே வாங்கிக்கட்டுமா?" நான்கு வருடம் கையில் இருந்த பொருளைப் பற்றி ஒரே வார்த்தையில் பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

என்னுடையது எம்4 என்ற அமெரிக்க ராணுவத் துப்பாக்கியின் வடிவம். மின்சாரத்தில் ஓடும் ஏஇஜி வகை. நைலான் கலந்த உடல், வெர்ஷன் 2 கியர்பாக்ஸ், 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. மற்ற விவரமெல்லாம் பெட்டியிலேயே அச்சடித்திருக்கும், அதை இங்கே திருப்பிச் சொல்லவில்லை.

முதல் துப்பாக்கி மின்சார வகையாக இருக்கட்டும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. கேஸ் பிஸ்டல் கையில் உதைக்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் நிரப்பும் கிரீன் கேஸ் பெரும்பாலும் புரோப்பேன். குளிர்ந்தால் அழுத்தம் இறங்கிவிடும். விடாமல் வேகமாகச் சுட்டால் கேஸும் குண்டும் நிரப்பும் மேகசினே சில்லிட்டுப்போய், கடைசிக் குண்டுகள் சோர்ந்து விழும். ஸ்பிரிங் வகையில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும், எதிரில் இருப்பவர் அதுவரை காத்திருக்க மாட்டார். டோக்கியோ மருய் என்ற ஜப்பானிய நிறுவனம் 1991-இல் ஃபமாஸ் என்ற பிரெஞ்சுத் துப்பாக்கியின் வடிவில் முதல் ஏஇஜியைக் கொண்டுவந்ததிலிருந்து அடிப்படை மாறவே இல்லை. மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றும், அவை பிஸ்டனைப் பின்னால் இழுத்து ஸ்பிரிங்கை அமுக்கும், சக்கரத்தில் பல் தீர்ந்த இடம் வந்ததும் பிஸ்டன் முன்னால் பாயும். அந்தக் காற்றுதான் 6 மில்லிமீட்டர் குண்டைத் தள்ளுகிறது. இவ்வளவு வருடம் தேய்த்துத் தேய்த்துச் சரி செய்த வடிவம் என்பதால் உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கிறது, கற்றுக்கொடுக்கவும் ஆள் இருக்கிறார்கள்.

என் துப்பாக்கியும் அந்த விஷயத்தில் குறை வைக்கவில்லை. இரண்டு முறை பாறையில் விழுந்திருக்கிறது, உடலில் விரிசல் இல்லை. மோட்டார் இன்னும் முதல் நாள் போட்டதுதான். ஆட்டத்துக்கு முன்னால் வேகம் அளக்கும் குரோனோவில், 0.20 கிராம் குண்டுக்கு வினாடிக்கு 350 அடி காட்டும், அதாவது ஏறக்குறைய 1.14 ஜூல். நான்கு வருடத்தில் அது பெரிதாக இறங்கவே இல்லை. இப்போது பிஸ்டன் பல் உடைந்ததும் என்னால்தான். சுடும் வேகம் கூடும் என்று 11.1 வோல்ட் பேட்டரி மாட்டினேன். சாதாரண பிளாஸ்டிக் பல் அதைத் தாங்கவில்லை. உலோகப் பல் வைத்த பிஸ்டன் போட்டு, பழைய 7.4-க்கே திரும்பிவிட்டேன்.

சரி, இப்போது அந்தச் சக்கரத்துக்கு வருகிறேன்.

புதிதாக வருகிறவர்கள் வேகத்தைத்தான் கேட்பார்கள். எத்தனை அடி, எத்தனை ஜூல். தூரம் வேகத்தில் மட்டும் இல்லை, ஹாப்-அப்பில் இருக்கிறது. குண்டு குழாய்க்குள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் மேலிருந்து லேசாக அழுத்தும். அதில் உரசிப் போகும் குண்டு பின்பக்கமாகச் சுழன்றபடியே பறக்கும். அந்தச் சுழற்சி அதை மேலே தாங்கிப் பிடிக்கும், மேக்னஸ் விளைவு என்பது இதுதான். ஹாப்-அப்பை முழுக்க எடுத்துவிட்டால் என் துப்பாக்கியின் குண்டு 20 மீட்டரைத் தாண்டும் முன்பே தரையைத் தேட ஆரம்பிக்கும். சரியாக வைத்தால் 40 மீட்டர் தாண்டியும் நூல் பிடித்த மாதிரி போகும். அதிகமாக வைத்தால் பாதி வழியில் வானத்தைப் பார்த்து ஏறும். குண்டின் எடை கூடினால் ரப்பரின் அழுத்தமும் கூட வேண்டும். 0.20-லிருந்து 0.28-க்கு மாறினால் மறுபடி முதலிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

இந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க, நிஜத் துப்பாக்கியில் காலித் தோட்டா வெளியேறும் ஜன்னல் மாதிரி இருக்கும் இடத்துக்குள் ஒரு சின்னச் சக்கரம். என் துப்பாக்கியில் அந்தச் சக்கரம் வைத்த இடத்தில் நிற்காது. சுடும்போது வரும் அதிர்வும், ரப்பர் திருப்பித் தள்ளும் விசையும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிடும். ஆட்டம் தொடங்கும்போது அளவாகப் பறந்த குண்டு, மூன்றாவது மேகசின் வரும்போது எதிரியின் காலடியில் விழும். அந்த ஜன்னலைத் திறக்கும் சார்ஜிங் ஹேண்டிலை (பின்னால் இழுக்கும் கைப்பிடி) ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மறு கை விரலால் சக்கரத்தைத் திருப்ப வேண்டும். ஜன்னலை மூடும் போல்ட், பின்னால் இழுத்ததும் பூட்டிக்கொண்டு நிற்கும் வசதி இல்லாததால், பிடியை விட்டால் மூடிக்கொள்ளும். கையுறையோடு, மரத்துக்குப் பின்னால் குனிந்துகொண்டு, இதை நான்கு வருடமாகச் செய்கிறேன். இன்றைக்கும் செய்தேன்.

சக்கரத்துக்கு அடியில் மெல்லிய ரப்பர் வளையம் வைத்துப் பார்த்தேன். சில வாரம் பிடித்தது, அப்புறம் தூசியும் எண்ணெயும் ஏறி வழுக்கிவிட்டது. வேறு உலோக ஹாப்-அப் வாங்கி மாட்டினேன். அது கியர்பாக்ஸின் நாசிலோடு, அதாவது குண்டை உள்ளே தள்ளும் முனைக் குழாயோடு, சரியாகப் பொருந்தாமல் குண்டு சிக்கியது. கழற்றிப் பழையதையே போட்டேன்.

இது அனுபவம் உள்ளவருக்குச் சின்னத் தொல்லை. புதிதாக ஆடுகிறவருக்கு அப்படி இல்லை, என் கோபம் முழுக்க அங்கேதான். முதல் மூன்று மாதம் எனக்கு இந்தச் சக்கரம்தான் காரணம் என்றே தெரியாது. குண்டு விழுந்தால் என் கை ஆடுகிறது என்று நினைத்தேன். பிறகு குண்டின் தரத்தைச் சந்தேகப்பட்டு வேறு குண்டு வாங்கினேன். பேட்டரி தீர்ந்திருக்குமோ என்று சார்ஜ் செய்து செய்து பார்த்தேன். குழாயைச் சுத்தம் செய்கிறேன் என்று, ஹாப்-அப்பைத் தளர்த்தாமலே கம்பியை விட்டு ரப்பரைக் கிழித்தேன். கற்றுக்கொள்ளும்போது ஒன்றாவது அசையாமல் இருந்தால்தானே அடுத்தது எங்கே தப்பு என்று தேட முடியும்? கண்ணுக்குத் தெரியாத ஒரு சக்கரம் தானாக நகர்ந்துகொண்டே இருந்தால் தன் தப்பு எது, துப்பாக்கியின் தப்பு எது என்று புதியவருக்கு எப்படிப் புரியும்?

ஆகவே, கணக்குப் போட்டால் நல்ல துப்பாக்கி. உறுதி, வேகம், உதிரி பாகம் எதிலும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நண்பனிடம் இதை வாங்காதே என்றுதான் சொன்னேன். நான் மட்டும் விற்க மாட்டேன். இது நியாயமான தீர்ப்பா என்று கேட்டால், இன்றைய மனநிலையில் வேறு தீர்ப்பு வரவில்லை.

வேறு எதை வாங்க என்று கேட்டான். பெயர் சொல்லவில்லை. ஹாப்-அப் சக்கரத்தைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று படிப்படியாக நிற்க வேண்டும். ஹேண்டிலை இழுத்தால் போல்ட் பூட்டிக்கொள்ள வேண்டும். கியர்பாக்ஸைப் பிரிக்காமலே ஸ்பிரிங் மாற்ற முடிய வேண்டும், ஏனென்றால் களத்துக்குக் களம் வேக வரம்பு மாறும், உள்ளரங்கில் குறைவாகவே விடுவார்கள். பேட்டரியோடு ஒவ்வொரு செல்லின் அளவையும் சமன்படுத்தும் சார்ஜரும் வேண்டும். லிப்போவை முழு சார்ஜில் வாரக்கணக்கில் போட்டு வைக்கக் கூடாது, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் எடுத்து வைக்க வேண்டும்.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொன்னேன். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைக்காதே, உள்ளே ஒரு குண்டு நிற்கும். பாதுகாப்பான திசையில் இரண்டு மூன்று முறை சுட்டுக் காலி செய்துவிட்டு, சேஃப்டி போட்டு, பேட்டரியைக் கழற்று. அதுவரை கண்ணாடியைக் கழற்றாதே. கண்ணாடியும் முகத்தோடு ஒட்டி, நாலு பக்கமும் மூடி இருக்க வேண்டும், அடிபட்டால் தாங்கும் சான்றிதழ் பெற்றதாக இருக்க வேண்டும். கம்பி வலை வைத்த கண்ணாடியில் எனக்கு நம்பிக்கை இல்லை, உடைந்த குண்டின் துணுக்கு உள்ளே வந்துவிடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறான். கண்ணாடியும் முகமூடியும் மட்டும் சொந்தமாக வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், துப்பாக்கி என்னுடையதைத் தருகிறேன். சக்கரத்தில் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். மூன்று மேகசின் சுட்டு முடித்ததும் ஹேண்டிலை இழுத்து, கோடு எங்கே போய் நிற்கிறது என்று அவனே பார்க்கட்டும்.