கச்சானுக்குத் தாக்குப்பிடித்த வண்ண இலைகள்: பல வருட அனுபவம்

திருகோணமலையில் நிழலுக்கு வண்ண இலைச் செடிகள் வைக்கலாமா என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வளவுக்குத் தென்மேற்கே என்ன இருக்கிறது? மதிலா, மரமா, வெறும் வெளியா? இந்தச் செடிகளுக்கு வெயில்தான் எதிரி என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே அதைவிடப் பெரிய எதிரி கச்சான் காற்று. மே மாதமளவில் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து காய்ந்த நிலத்தைத் தாண்டி வரும் அந்தச் சூட்டுக் காற்று, நல்ல நிழலில் நிற்கிற இலையின் ஓரத்தையும் கருக்கிவிடும். நிழல் வலை வெயிலைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. எங்கள் உப்புவெளி வளவில் மாமரத்துக்கும் மேற்குப் பக்க மதிலுக்கும் இடைப்பட்ட துண்டில்தான் எல்லாம் தழைத்தன. மரத்தின் மற்றப் பக்கத்திலும் அதே நிழல்தான், ஆனால் அங்கே வைத்தவை ஒவ்வொரு ஓகஸ்டிலும் தீய்ந்தன.

இணையத்தில் நிழல் தோட்டம் என்று தேடினால் முதலில் வருவது ஹொஸ்டா, ஹியூச்சரா என்ற குளிர்நாட்டு இலைச் செடிகள். படங்கள் ஆசை காட்டும். ஹொஸ்டாவுக்குக் குளிர்காலத்தில் உறங்கி எழ வேண்டும், ஹியூச்சராவுக்கு நம் இரவுச் சூடு ஒத்துவராது. அவற்றை விட்டுவிட்டு நம்மூருக்குப் பொருந்துவதைப் பார்ப்போம்.

என் முதல் தெரிவு கலேடியம். சேம்புக் குடும்பத்துச் செடி, தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. இதய வடிவ இலையில் வெள்ளை, இளஞ்சிவப்பு, இரத்தச் சிவப்பு என்று எத்தனையோ வகை. எனக்கு இதில் பிடித்ததே அதன் காலக்கணக்குத்தான். ஒக்டோபரில் முதல் மழை விழுந்ததும் சுருட்டிய பச்சைக் குச்சி போல முளை வெளியே வரும். ஒரு காலை அது மெல்லப் பிரிந்து நிற்கும்போது, புது இலை மெழுகுத்தாள் போல ஒளியை உள்ளே விடும், நரம்பெல்லாம் சிவப்பாகத் தெரியும். மார்ச், ஏப்ரல் வரை அதன் ஆட்சி. பிறகு கச்சான் தொடங்குகிற நேரத்தில் இலைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் தூங்கப் போய்விடும். இந்த ஊரின் கடுமையான மாதங்களை அது தூங்கியே கடத்திவிடுகிறது.

அந்தத் தூக்கத்தைத்தான் பலர் சாவு என்று நினைத்துவிடுகிறார்கள். "பிள்ளை, உன்ர செடியெல்லாம் செத்துப்போச்சு, கொஞ்சம் தண்ணி ஊத்து" என்று பக்கத்து வீட்டு மாமி ஒவ்வொரு ஜூனிலும் சொல்வார். தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றினால்தான் அது அழுகும். இலை விழுந்ததும் தண்ணீரை நிறுத்தி, சாடியோடு மழைபடாத திண்ணையில் ஒதுக்கி வைத்தால் போதும். செப்டெம்பர் கடைசியில் கிழங்கைக் கிளறி எடுத்து, கெட்டியானதை மட்டும் இரண்டு அங்குல ஆழத்தில், முளை வரும் கண் மேலே இருக்கும்படி வைக்கிறேன். நம் மணல் தரை மாரியில் தண்ணீரை வடித்துவிடும். சாடிக்கென்றால் மண், தும்புத்தூள், காய்ந்த சாணம் மூன்றும் சம பங்கு.

கோலியஸ் இதற்கு நேர் எதிர். துளசிக் குடும்பம், கற்பூரவள்ளிக்கு மிக நெருங்கிய சொந்தம். தண்டைத் தடவிப் பார்த்தால் நான்கு மூலை தெரியும். நவம்பர், டிசம்பர் அடைமழையில் தண்டு அடியிலேயே அழுகிவிடும். அதனால் மழைக்கு முன்பே நுனிகளை வெட்டி, கீழ் இலைகளைக் களைந்து, ஒரு போத்தல் தண்ணீரில் குசினி ஜன்னலோரம் வைத்துவிடுவேன். ஓரிரு வாரத்தில் வேர் விடும், தை பிறந்ததும் வெளியே நடலாம். கலேடியம் தூங்கும் மாதங்களில் இடத்தை நிரப்புவது இதுதான். கச்சான் நாட்களில் மத்தியானம் துவண்டு தொங்கும், மாலை தண்ணீர் ஊற்றினால் இருட்டுமுன் நிமிர்ந்துவிடும். பூக்கதிர் எட்டிப்பார்த்த உடனே கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை சிறுத்துப் போகும். அடர்ந்த நிழலில் வைத்தால் சிவப்பு மங்கிப் பச்சை ஏறும். காலை வெயில் சிறிது படுகிற இடமே அதற்குச் சரி.

அக்லோனிமாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளி கலந்த பச்சை இலை வகை எந்த இருட்டு மூலையிலும் நிற்கும், சிவப்பு வகைக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் இதை வாங்குங்கள்.

கலத்தியாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழகுதான். ஆனால் கடலோரக் கிணற்றுத் தண்ணீர் அதற்கு ஆகாது. எங்கள் கிணறு ஓகஸ்டில் உவர்க்கத் தொடங்கும். மண் சாடிகளின் வெளிப்பக்கம் வெள்ளைப் பொடி படிவதைப் பார்த்தாலே தெரியும், உள்ளே வேருக்கும் அதே உப்புத்தான் சேர்கிறது. கலத்தியாவின் இலை நுனி முதலில் மஞ்சளாகி, பிறகு மெல்லிய கபிலக் கோடாகி, உள்நோக்கி நடந்துகொண்டே வரும். மழைத் தண்ணீர் சேமிக்க வசதி உள்ளவர்கள் வைக்கட்டும். மற்றச் செடிகளுக்கும் மாதம் ஒரு தடவை சாடியின் அடித்துளையால் நன்றாக வடியும்வரை தண்ணீர் விட்டு உப்பைக் கழுவுவது நல்லது. சாடிக்கு அடியில் தட்டு வேண்டாம், அதில் தேங்கும் தண்ணீரில் நுளம்பு பெருகும். 2017 இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு பரவியதை மறந்துவிடக்கூடாது.

மாமர நிழலுக்கு ஒரு தொல்லை உண்டு. மரம் பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிகள் விடும் இனிப்புப் பிசின் கீழே இருக்கும் இலைகளில் ஒட்டும், சில நாளில் அதன்மேல் கரும்பூஞ்சணம் பிடிக்கும். பார்க்கக் கரி பூசியது போல இருந்தாலும் ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும், மருந்து தேவையில்லை. மாவுப்பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீர் போதும், இலையின் அடிப்பக்கமும் தண்டின் கணுவும் நனைய வேண்டும்.

கண்டிப் பக்கமிருந்து லொறியில் வரும் கன்றுகளை உடனே தரையில் வைக்காதீர்கள். ஈரக்காற்றில் வளர்ந்தவை, இரண்டு வாரமாவது மதிலோரம் பழகட்டும். கச்சான் காலத்தில் வாங்கவே வேண்டாம். ஒக்டோபர்தான் நல்ல மாதம்.

வீட்டில் ஆடோ சின்னப் பிள்ளைகளோ இருந்தால் கலேடியத்தையும் அக்லோனிமாவையும் எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டிலும் கால்சியம் ஒக்சலேட் ஊசிகள் உண்டு, கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் குடியிருப்பவர்கள் அங்கே திரியும் மான்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். வேலி நெருக்கமாக இல்லாவிட்டால் இளந்தளிரை நம்பி விட முடியாது.