46,500 ரூபாய் கொடுத்துக் குடும்பப் படங்களை இழந்தேன்: வீட்டில் நாஸ் பெட்டி வைத்திருப்போர் கவனத்திற்கு

சென்ற வெள்ளிக்கிழமை இரவு எங்கள் வீட்டு நாஸ் பெட்டியின் (படங்களைச் சேமித்து வைத்து, வீட்டு நெட்வொர்க் வழியாகப் பலரும் பார்க்க உதவும் டிஸ்க் பெட்டி) டிஸ்க்குகள் விடிய விடியக் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தன. டொரன்டோவில் இருக்கும் தங்கை வீட்டார் படம் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணித் தூங்கிவிட்டோம். காலையில் அவளே அழைத்து, "அண்ணா, ஒரு படமும் திறக்கவில்லையே" என்றாள். ஃபோல்டரைத் திறந்தால் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. பிட்காயின் அனுப்பினால் திறவுகோல் தருவதாக நடுவில் ஒரு குறிப்பு இருந்தது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில்தான் இருந்தன. நெகட்டிவ்களில் பூஞ்சை பிடித்திருந்ததால் ஸ்கேன் செய்த கையோடு அவற்றைத் தூக்கிப்போட்டிருந்தோம்.

கோவையில் கணினி உதிரிபாகங்கள் விற்கும் ஒரு கடையில், பெட்டி, இரண்டு 4 டிபி டிஸ்க்குகள், பொருத்தும் கூலி, ஓராண்டுப் பராமரிப்பு எல்லாம் சேர்த்து 46,500 ரூபாய் கொடுத்தேன். எங்கள் இணைய இணைப்பில் பல வீடுகளுக்கு ஒரே பொது முகவரிதான். அதனால் வெளியிலிருந்து யாரும் எங்கள் பெட்டியை நேராகத் தொட முடியாமல் இருந்தது. அது எங்களுக்குப் பாதுகாப்பாக இருந்ததென்று இப்போதுதான் தெரிகிறது. கடையிலிருந்து வந்தவர் அதையே குறையாகச் சொல்லி, மாதக் கட்டணத்தில் நிலையான ஐபி, அதாவது எங்களுக்கென்று மாறாத தனி இணைய முகவரி, வாங்க வைத்து, ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வரும் வழியான போர்ட்டைத் திறந்து, பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை இணையத்தின் முன் நிறுத்திவிட்டார். பிறகு என் கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அப்பாவின் படத்தைத் திறந்து என் கையில் கொடுத்தார். "வேறு யாரும் உள்ளே வந்துவிட மாட்டார்களே?" என்று கேட்டேன். "பாஸ்வேர்டு இருக்கில்ல சார், ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணுல அப்படியே இருக்கும்" என்றார். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே நான் தலையாட்டினேன்.

ஒரு டிஸ்க் பழுதானால் மற்றது காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் ஒன்றில் பூட்டு விழும் அதே நொடியில் மற்றதிலும் விழும் என்பதை அவர் சொல்லவில்லை. பயனர் பெயர் 'அட்மின்' என்றே விடப்பட்டிருந்தது. பராமரிப்புக்கென்று பணம் வாங்கியவர்கள் ஒரு முறைகூட மென்பொருளைப் புதுப்பிக்கவில்லை.

முதல் நாள் தொலைபேசியில் "வைரஸுக்கெல்லாம் வாரன்டி கிடையாது சார்" என்றார்கள். மறுநாள் நேரில் போனபோது, பொருத்தியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றார்கள். மூன்றாம் நாள் உரிமையாளர், நான் ஏதோ இணைப்பை அழுத்தியிருப்பேன் என்று சொல்லிவிட்டு, 1,500 ரூபாய் கொடுத்தால் ஃபார்மேட் செய்து புதிதுபோல் தருவதாகச் சொன்னார். 46,500 வாங்கியவர் மேலும் 1,500 கேட்கிறார்! தங்களுக்கு இது தெரியாது என்று அவர்கள் சொல்ல முடியாது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நிரல்களான கியூலாக்கர் 2021 ஏப்ரலில் 0.01 பிட்காயினும், டெட்போல்ட் 2022 ஜனவரியில் 0.03 பிட்காயினும் கேட்டு, இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்ட இத்தகைய பெட்டிகளைத்தான் பூட்டின. இதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன்; இப்போது மனம் ஓடவில்லை. ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கும் (வெளியிலிருந்து உள்ளே வழிவிடும் அமைப்பு) யூபிஎன்பியும் (கருவிகள் தாமாகவே அந்த வழியைத் திறக்க விடும் அமைப்பு) இருந்தால் இன்றே நிறுத்துங்கள். உறவினர்களுக்குப் படம் காட்ட வயர்கார்டு, டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் (நாம் அனுமதித்தவர்கள் மட்டும் நுழையும் மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழி போதும். ஒரு பிரதியைத் தனி டிஸ்க்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். மாட்டிக்கொண்டால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். கடை மீது புகார் சொல்ல நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ஃபார்மேட் செய்ய மட்டும் சம்மதிக்காதீர்கள். 2022 அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறை டெட்போல்ட் கும்பலிடமிருந்து 155 திறவுகோல்களை வாங்கிவிட்டு, கொடுத்த பணத்தை அது போய்ச் சேருமுன் திரும்பப் பெற்றுக்கொண்டது. எங்களுக்கும் என்றாவது அப்படி ஒன்று கிடைக்கலாம் என்று, இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றி, தேதி எழுதி, அப்பாவின் பீரோவில் வைத்திருக்கிறேன்.