டிவி ஆம்பில் ஹம்: ஐசொலேட்டரா, ஆப்டிகலா, கண்டென்சரா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து வீடுகளில் அசெம்பிள் ஆம்ப் (உதிரிப் பாகங்களைக் கோர்த்துச் செய்த ஆம்பிளிஃபையர்) இன்னும் நிறையவே புழக்கத்தில் இருக்கிறது. 5200–1943 டிரான்சிஸ்டர் போர்டு, ஒரு டிரான்ஸ்ஃபார்மர், கோயம்புத்தூரில் வாங்கிய ஸ்பீக்கர். விலைக்கு அருமையான சத்தம். ஆனால் டிவியோடு கோர்த்ததும் "ம்ம்ம்" என்று ஹம் சேர்ந்துகொள்ளும். யாரைக் கேட்டாலும் ஐசொலேட்டர் போடு, ஆப்டிகலுக்கு மாறு, கண்டென்சரை மாற்று என்று மூன்றில் ஒன்றைச் சொல்வார்கள். எது நமக்கு ஆகும் என்பது ஹம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

முதலில் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்து, இன்புட் ஒயர்களை எல்லாம் கழற்றுங்கள். அப்போதும் ஹம் நிற்கவில்லை என்றால் கோளாறு ஆம்புக்குள்ளேதான். பெரும்பாலும் உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்திருக்கும்; சிலவற்றில் தலை உப்பியிருப்பது கண்ணுக்கே தெரியும். அதை மாற்ற அதிகம் செலவாகாது. புதியதன் வோல்ட், மைக்ரோஃபாரட் அளவுகள் பழையதைவிடக் குறையக் கூடாது, பிளஸ்-மைனஸ் மாற்றிப் போடவும் கூடாது. ஸ்விட்சை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

ஒயர்களைக் கழற்றியதும் ஹம் போய்விட்டதா? அடுத்து எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, செட்டாப் பாக்ஸுக்கு வரும் கேபிள் ஒயரை மட்டும் பிடுங்கிப் பாருங்கள். பல வீடுகளில் அந்த நொடியே சத்தம் அடங்கிவிடும். கேபிளின் வெளிச் சடை வேறெங்கோ எர்த் ஆகியிருக்கும். ஆம்ப் நம் வீட்டு மூன்று பின் பிளக் வழியாக எர்த் ஆகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள சின்ன வோல்ட் வித்தியாசத்தால் டிவியையும் ஆம்பையும் இணைக்கும் ஆர்சிஏ ஒயரின் ஷீல்டில் (வெளிச் சுற்றில்) 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடுகிறது. நமக்கு ஹம்மாகக் கேட்பது அதுதான்.

இந்த இடத்தில்தான் ஐசொலேட்டருக்கும் ஆப்டிகலுக்கும் போட்டி. ஐசொலேட்டருக்குள் இருப்பது இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்; சத்தத்தைக் கடத்தும், எர்த்தை இணைக்காது. சில நூறு ரூபாய்தான், ஆர்சிஏ ஒயருக்கு நடுவில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் மலிவானதில் டிரான்ஸ்ஃபார்மரின் கோர் ரொம்பச் சிறியது, அதனால் பேஸ் குறையும். தவிலின் தொப்பிப் பக்கம் விழும் அடியைக் கேளுங்கள், அந்தக் கனம் இருக்காது. செய்தி, சீரியல் மட்டும் ஓடும் வீட்டுக்கு இது போதும்.

பாட்டுக் கேட்பவர்களுக்கு நான் ஆப்டிகலைத்தான் சொல்வேன். ஆப்டிகல் ஒயரில் சத்தம் ஒளியாகப் போகும்; ஒளி வழியாக எர்த் பாயாது, பேஸும் குறையாது. டிவியில் ஆப்டிகல் அவுட் இருக்க வேண்டும், அந்த டிஜிட்டல் சிக்னலை ஆம்புக்கு ஏற்ற அனலாக்காக மாற்றும் ஒரு சின்ன டாக் (DAC) பெட்டியும் தனியாக வாங்க வேண்டும். டிவி செட்டிங்கில் ஆடியோவை பிசிஎம் என்று மாற்றாவிட்டால் சில டாக்கில் சத்தமே வராது. அப்புறம், டாக்குக்கு டிவியின் யூஎஸ்பியில் இருந்து பவர் எடுக்காதீர்கள். எடுத்தால் அந்த ஒயர் வழியாகவே எர்த் மறுபடி ஒட்டிக்கொள்ளும், ஹம் திரும்பிவிடும். தனி சார்ஜர் போடுங்கள்.

நாலாவதாக ஒன்றும் சொல்வார்கள்: ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடு என்று. ஹம் நிற்கத்தான் செய்யும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் என்றைக்காவது போனால் 230 வோல்ட் நேராக ஆம்பின் இரும்புப் பெட்டிக்கு வரும், அதைக் குழந்தைகளும் தொடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், யாராவது செய்து கொடுத்திருந்தால் இன்றைக்கே பிளக்கை மாற்றுங்கள்.