காலையில் அலை, மத்தியானம் காத்தாடி: ஒரே போர்டு போதுமா?

தண்டையார்பேட்டையில் நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. ஒருவர் ஏறினால் இறங்குகிறவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய படிக்கட்டு. அதில் ஆறடி சர்ஃப்போர்டு ஒன்றை ஏற்றியதற்கே கீழ்வீட்டு அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் கைட்டுக்கு, அதாவது பெரிய காத்தாடி இழுக்கப் பலகையில் நின்று கடலில் ஓடுகிற ஆட்டத்துக்கு, தனி போர்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. அலைக்கும் கைட்டுக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று, எது?

கடல் என்னவோ நடந்துபோகிற தூரம்தான். ஆனால் ராயபுரத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் போகப் போகக் கருங்கல் கொட்டிய கரைதான் அதிகம், திருவொற்றியூரில் கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள் வேறு. தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் துறைமுகம் மறித்துக்கொண்டதால் நம் பக்கம் கரை அரித்துப்போன கதை எல்லோருக்கும் தெரியும். மாஞ்சா நூலில் டீல் போட்டு வளர்ந்த ஊர் என்றாலும், 20 மீட்டருக்கு மேல் நீளும் நான்கு கயிற்றோடு பெரிய காத்தாடியை இந்தக் கல்லுக்கு நடுவே ஏற்றுவது முட்டாள்தனம். ஆகவே 40 கி.மீ.க்கு மேல் போய்க் கோவளம்தான். கோடையில் அங்கே காலையில் கடல் வழுவழுவென்று இருக்கும். மத்தியானம் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று எழும். ஒரே பயணத்தில் இரண்டு ஆட்டமும் ஆடலாம் என்பதால்தான் ஒரே போர்டு ஆசையே வருகிறது.

கைட் பழகியவர்களில் பலர் முதலில் ஏறியது ட்வின்டிப்பில்தான். இரண்டு முனையும் ஒன்றுபோல இருக்கும் மெல்லிய பலகை. அதில் மிதப்பே கிடையாது. குப்புறப் படுத்துக் கையால் தள்ளி அலை பிடிக்கவே முடியாது. அது இந்தப் போட்டியிலேயே இல்லை.

அலைக்கென்றே செய்த கைட் சர்ஃப்போர்டு அடுத்தது. பார்க்க சாதாரண சர்ஃப்போர்டு மாதிரியே இருக்கும், ஆனால் மேல்தளம் கெட்டி. குதித்து இறங்கும்போது குதிகால் விழும் இடம் குழி விழாது. முன்னும் பின்னும் மேலெழும் வளைவும் குறைவு, தண்ணீரை அதிகம் உழாமல் ஓடும், காற்றுக்கு எதிராக ஏறிவர உதவும். சிக்கல் கன அளவில். காற்றே தூக்கிப் பிடிப்பதால் இதில் 25 லிட்டர் இருந்தாலே தாராளம். நான் 72 கிலோ, சுமாராக ஓட்டுகிறவன். அலை பிடிக்க எனக்கு 35 லிட்டராவது வேண்டும். இரவல் வாங்கிய ஒரு கைட் போர்டில் படுத்துப் பார்த்தேன். மார்பு வரை அமிழ்ந்து, கையை வீசு வீசென்று வீசியும், அலை எனக்கு அடியிலேயே கடந்து போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் பிடித்தது இரண்டு.

எதிர்ப்பக்கம், கடையில் கிடைக்கும், உள்ளே பாலியூரித்தேன் நுரை வைத்த சாதாரண சர்ஃப்போர்டு. அலையில் ராஜா. கைட்டோடு போனால் ஓடும், ஆனால் பலவீனம் தெரியும். மெல்லிய கண்ணாடியிழைத் தளத்தில் சில நாளிலேயே குதிகால் தடங்கள் பள்ளம் பள்ளமாக விழுந்துவிடும். உயரக் குதித்தால் நடுவில் முறியவும் வாய்ப்புண்டு. அலை கொந்தளிக்கும் நாளில் அந்தக் கூடுதல் மிதப்பு காலுக்கடியில் துள்ளும்.

இரண்டுக்கும் நடுவில் ‘எல்லாம் முடியும்’ என்று விற்பது ஈபிஎஸ் நுரையில் (தெர்மோகோல் வகை) எபாக்சி ரெசின் பூசிய கலப்பு போர்டு. 32, 33 லிட்டர், எடை குறைவு, தளம் உறுதி. காகிதத்தில் பார்த்தால் இதுதான் விடை. நானும் அப்படித்தான் நினைத்தேன், காசிமேட்டுக்குப் போகிற வரைக்கும்.

நண்பனின் ஈபிஎஸ் போர்டு ஓரத்தில் அடிபட்டது. அந்த நுரை கொஞ்சம் திறந்தாலும் தண்ணீரை உறிஞ்சும், உடனே அடைத்தாக வேண்டும். நம்மிடம்தான் ஃபைபர் படகுக்காரர்கள் இருக்கிறார்களே என்று எடுத்துப் போனோம். அண்ணன் ஒருவர் படகுக்கு ஊற்றும் அதே ரெசினை ஊற்றினார். அது பாலியெஸ்டர் ரெசின். அதிலுள்ள ஸ்டைரீன் ஈபிஎஸ் நுரையைக் கரைத்துவிடும். உள்ளங்கை அகலச் சேதம் இட்லித்தட்டு அகலக் குழியானது. அவர் மேல் தப்பில்லை, என்ன நுரை என்று நாங்கள்தான் சொல்லவில்லை. பாலியூரித்தேனாக இருந்திருந்தால் அதே ரெசின், அதே கண்ணாடியிழை மேட், கொஞ்ச நேரத்து வேலை. நிறம் மட்டும் மஞ்சளடிக்கும்.

போதாததற்கு வெயில். மூடிய காருக்குள் கிடந்தால் ஈபிஎஸ்ஸுக்குள் காற்று விரிந்து மேல்தோல் உப்பிவிடும். காற்றுத் துளையுள்ள போர்டென்றால் கொஞ்சம் தேவலை.

அதனால் நான் எடுத்தது பாலியூரித்தேன் ஃபிஷ், மீன்வால் போலப் பிளந்த வாலுள்ள, குட்டையான, அகலமான சர்ஃப்போர்டு. ஐந்தடி எட்டு அங்குலம், 35 லிட்டர், வளைவு குறைந்த அடிப்பகுதி. மேல்தளத்தில் வழக்கமான துணிக்கு மேல் ஒரு அடுக்கு கூடுதலாகப் போட்டது. எடை கூடும், சரி. அகலமும் மிதப்பும் அந்தச் சுமையைத் தாங்குகின்றன, கைட்டில் கனம் கொஞ்சம் இருப்பது துள்ளலையும் அடக்குகிறது. உயரக் குதிப்பதை விட்டுவிட்டேன். அது இந்த போர்டுக்கு நான் கொடுக்கும் விலை.

கால்பட்டை மாட்டத் துளை வேண்டாம், அலையில் அது வெறும் பாரம். வழுக்காமலிருக்கப் பின்னங்காலுக்கு மட்டும் பேட், மற்ற இடம் வேக்ஸ். முழுத்தள பேட் போட்டால் படுத்துத் தள்ளும்போது நெஞ்சு தேய்ந்துவிடும். போர்டைக் காலோடு பிணைக்கும் கயிறான லீஷ், காலையில் அலை ஆடும்போது கட்டாயம். கைட் ஏற்றும் முன் அதைக் கழற்றிவிடுங்கள், இழுபட்ட போர்டு ரப்பர் மாதிரி திரும்பி வந்து மண்டையில் அடிக்கும்.

வருஷத்துக்குப் பாதி நாள் ராமேஸ்வரத்தில் கைட்டோடு கிடக்கிறவராக இருந்தால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கைட் போர்டையே வாங்குங்கள். கோவளத்தில் அலைக்கு வாடகை போர்டு கிடைக்கும், அதை மாடிக்கு ஏற்றவும் வேண்டாம்.