ஏற்றத்தில் திணறும் பழைய பேட்டரி கார்: மார்த்தாண்டம் ஒர்க்‌ஷாப் வேலை எப்படி?

பேட்டரி கார் ஏற்றத்தில் இழுக்கவில்லை என்று போனதும் மோட்டாரை மாற்றச் சொல்லாமல், முதலில் பேட்டரியையும் கேபிளையும் சோதித்துப் பார்க்கிற ஆளிடம் வண்டியைக் கொடுங்கள். மார்த்தாண்டத்தில் நாங்கள் விட்ட ஒர்க்‌ஷாப் அதைத்தான் செய்தது.

வண்டி இ-இசட்-கோ கம்பெனியின் டிஎக்ஸ்டி என்ற பழைய கோல்ஃப் வண்டி, 36 வோல்ட், சீரிஸ் மோட்டார் (உள்ளே இருக்கும் இரண்டு சுருளும் ஒரே வரிசையில் இணைந்த வகை). குலசேகரத்துக்கு மேலே ரப்பர் விளைக்குள் இருக்கும் எங்கள் ஹோம்ஸ்டேக்கு, கேட்டிலிருந்து வயதானவர்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகத்தான் வாங்கினோம். சமதளத்தில் ஒரு குறையும் இல்லை. நாலு பேர் உட்கார்ந்துவிட்டால் கடைசி ஏற்றத்தில் அப்படியே நின்றுவிடும், விருந்தாளிகளை இறக்கித் தள்ளச் சொல்ல முடியுமா?

முதலில் காட்டிய வேறொரு கடையில் 48 வோல்ட்டாக மாற்றினால் எல்லாம் சரியாகும் என்றார்கள். வோல்ட் கூடினால் முக்கியமாகக் கூடுவது வேகம். ஏற்றத்துக்கு வேண்டியது இழுவை, அது ஆம்பியரில் இருந்து, அதாவது மோட்டாரில் ஓடும் கரண்டின் அளவில் இருந்து வருகிறது. வண்டியும் ஆட்களும் சேர்த்து 700 கிலோ என்று வையுங்கள், 7 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் சரிவில் பின்னால் இழுக்கும் பாரம் மட்டும் 100 கிலோ. மோட்டாருக்குப் போகும் கரண்டைக் கட்டுப்படுத்தும் பழைய கண்ட்ரோலர் 275 ஆம்பியரோடு கையை விரித்துவிடும். அதோடு 48-க்குப் போனால் கண்ட்ரோலர், சார்ஜர், சோலனாய்டு (பேட்டரி கரண்டை இணைத்துத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், அந்தச் செலவை அங்கே யாரும் சொல்லவில்லை.

மார்த்தாண்டத்துக்காரர் பாரம் ஏற்றி வண்டியை ஓட்டச் சொல்லி, ஆறு பேட்டரியையும் தனித்தனியே மீட்டர் வைத்துப் பார்த்தார். 6 வோல்ட் பேட்டரி ஒன்று ஏற்றத்தில் 5-க்குக் கீழே விழுந்தது. "அண்ணே, மோட்டாரு நல்லாத்தான் இருக்கு, அதத் தொட வேண்டாம்" என்றார். புது மோட்டாரை விற்றிருந்தால் அவருக்குத்தான் லாபம், அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டால் பழையவை அதையும் சேர்த்து இழுத்துக் கெடுக்கும் என்று ஆறையும் மாற்றச் சொன்னார், ட்ரோஜன் டி-105 போட்டோம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்வதால் டெர்மினல் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. மெல்லிய பழைய கேபிளை எடுத்துவிட்டு 35 ஸ்கொயர் எம்எம் போட்டார். 300 ஆம்பியர் ஓடும்போது மெல்லிய கேபிளிலும் துருப்பிடித்த இணைப்பிலும் சூடாகவே ஒன்றிரண்டு வோல்ட் போய்விடும், 36-இல் அது சின்ன இழப்பு இல்லை. கடைசியாகத்தான் 400 ஆம்பியர் ஆல்ட்ராக்ஸ் கண்ட்ரோலரும் அதற்குத் தாங்கும் சோலனாய்டும். தம்பி ஆசைப்பட்ட 22 இஞ்ச் டயரையும் வேண்டாம் என்று தடுத்துவிட்டார், 18 இஞ்ச் சக்கரத்தில் கிடைக்கும் இழுவையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடுமாம். சரியான பேச்சு.

இப்போது நாலு பேரோடு நிற்காமல் ஏறுகிறது. மெதுவாகத்தான், ஆனால் ஒரே சீராக. சமதள வேகம் பெரிதாகக் கூடவில்லை, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அடுத்தடுத்து ஏற்றினால் மோட்டார் நன்றாகச் சூடாகிறது, நடுவில் ஆறவிட வேண்டும்.

குறை என்றால் இரண்டு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரிக்காமல் மொத்தமாகத் தொகை எழுதிக் கொடுத்தார்கள். இன்னொன்று பெரிது: பிரேக்கைத் தொடவே இல்லை. இந்த சீரிஸ் மோட்டார் வண்டிகளில் இறக்கத்தில் மோட்டார் பிடித்து நிறுத்தாது, பின்சக்கர பிரேக் ஷூ ஒன்றுதான் துணை. ஏறுகிற வண்டி அதே பாரத்தோடு இறங்கவும் வேண்டுமே. கேட்ட பிறகு ஷூவும் கேபிளும் சரிசெய்து கொடுத்தார்கள், முகம் சுளிக்கவில்லை. அங்கே விடுவதானால் வண்டியைக் கொடுக்கும்போதே பிரேக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், பில்லைப் பிரித்து எழுதவும் கேளுங்கள்.