எக்ஸ்100வி-யா, எக்ஸ்100விஐ-யா: பினாங்குத் தெருவில் எது கைகொடுக்கும்?

2020 பிப்ரவரியில் வந்த ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100வி கேமராவையும், 2024 பிப்ரவரி 20 அன்று தோக்கியோவில் அறிவிக்கப்பட்ட எக்ஸ்100விஐ-யையும் ஒரே மேசையில் வைத்தால், எது பழையது, எது புதியது என்று சொல்ல நெடுநாள் புழங்கியவர்களே சற்றுத் தயங்குவார்கள். அகலம் 128 மி.மீ., உயரம் 74.8 மி.மீ. என்பது இரண்டுக்கும் பொது. தடிமன் மட்டும் 53.3 மி.மீட்டரிலிருந்து 55.3 மி.மீட்டராகவும், எடை 478 கிராமிலிருந்து 521 கிராமாகவும் கூடியிருக்கின்றன. கழற்ற முடியாத அதே 23 மி.மீ. எஃப்2 லென்ஸ், ஒளியியல் காட்சிக்கும் மின்னணுக் காட்சிக்கும் மாறி மாறிப் பயன்படும் அதே வியூஃபைண்டர், அதே என்பி-டபிள்யூ126எஸ் பேட்டரி, உள்ளேயே பொருத்தப்பட்ட ஒளியைக் குறைக்கும் நான்கு ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது), ஏறக்குறைய ஓசையே எழுப்பாத லீஃப் ஷட்டர் எல்லாம் அப்படியே தொடர்கின்றன. ஆகவே வாங்க நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி குறுகியது: கூடியுள்ள அந்த 2 மி.மீட்டருக்குள் என்ன வைத்திருக்கிறார்கள், ஜார்ஜ் டவுனில் நடந்து படம் எடுக்கும் ஒருவருக்கு அது எப்போது உதவும், எப்போது உதவாது?

உள்ளே வைத்திருப்பது நடுக்கத் தடுப்பு. 2011-இல் தொடங்கிய எக்ஸ்100 வரிசையில் சென்சாரையே அசைத்துக் கைநடுக்கத்தை ஈடுகட்டும் ஏற்பாடு முதன்முறையாக விஐ-யில்தான் வந்திருக்கிறது. ஆறு ஸ்டாப் வரை ஈடுகட்டும் என்பது நிறுவனத்தின் கணக்கு. இந்த லென்ஸை நடுக்கத் தடுப்பு இல்லாமல் கையில் பிடித்து எடுக்கும்போது 1/30 நொடிக்குக் கீழே போவது துணிச்சல் என்றே கொள்ளலாம். ஆறு ஸ்டாப்பையும் அப்படியே நம்பினால் இரண்டு நொடி வரை கையில் பிடித்து எடுக்க முடியவேண்டும். சோதனைக்கூடத்துக் கணக்கை அவ்வளவு தூரம் தெருவுக்கு இழுத்துவர வேண்டியதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு, தூணில் சாய்ந்து நின்று 1/4 நொடியில் தெளிவான படம் கிடைக்கிறது என்று அடக்கமாக வைத்துக்கொண்டாலும், அது மூன்று ஸ்டாப் ஆதாயம். பழைய கேமராவில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு அளவு; கூடக்கூடப் படம் மணல்படும்) 6400 தேவைப்படும் அதே காட்சியைப் புதியதில் ஐஎஸ்ஓ 800-இல் எடுக்கலாம் என்பது அதன் பொருள். இருட்டில் நிற்கும் பழைய கடைவீட்டின் மரப்படிகள், லெபோ குவீன் மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தின் மேல் அந்தியில் விழும் விளக்கொளி, சூ ஜெட்டியின் பலகைப் பாதை முடியும் இடத்தில் தெரியும் நீலநேரக் கடல் ஆகியவற்றில் இந்த வேறுபாடு படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலேயே கண்ணில் படும். முக்காலியை விரித்தால் யாராவது வந்து விசாரிக்கும் இடங்களில் இதன் மதிப்பு இன்னும் கூடும்.

ஆனால் நடுக்கத் தடுப்பு எடுப்பவரின் கையைத்தான் நிறுத்தும்; எதிரே நடப்பவரின் காலை நிறுத்தாது. இதை விளம்பரங்களும் விமர்சனங்களும் ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிடுகின்றன. பினாங்கில் இந்தக் கேமராவைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் மனத்தில் வைத்திருப்பதோ தைப்பூசம். பூசத்திற்கு முதல் நாள் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலையை நோக்கிப் புறப்படும்போது, வழியெங்கும் மலைமலையாகக் குவித்த தேங்காய்களைச் சாலையில் உடைக்கிறார்கள். சிதறும் ஓட்டையும் இளநீர்த் துளியையும் உறைய வைக்க 1/1000 நொடிக்குக் குறையாத வேகம் வேண்டும். விளக்கொளியில் ஆடிவரும் காவடிக்கும் குறைந்தது 1/250 வேண்டும். இந்த வேகங்களில் நடுக்கத் தடுப்புக்கு வேலையே இல்லை. லென்ஸின் எஃப்2 திறப்பும் சென்சாரின் ஐஎஸ்ஓ தாங்கும் திறனும்தான் பேசும். அவ்விரண்டிலும் வி-யும் விஐ-யும் ஏறத்தாழச் சமம். புதிய சென்சாரில் புள்ளிகள் சிறியவை என்பதால், நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு ஐஎஸ்ஓ 6400-இல் புதியதுதான் சற்றுக் கூடுதலாக மணல்பட்டது போலத் தெரியும். இரண்டையும் ஒரே அளவுக்குச் சுருக்கிவிட்டால் வேறுபாடு மறைந்துவிடும்.

தைப்பூசக் கூட்டத்தில் உண்மையில் உதவுவது இரண்டு கேமராக்களுக்கும் பொதுவான லீஃப் ஷட்டர். நண்பகல் வெயிலில் காவடியின் நிழல் முகத்தில் விழுந்து கண்கள் இருண்டுபோகும்; அங்கே சிறு ஃபிளாஷ் வெளிச்சம் தேவைப்படும். சாதாரண ஃபோக்கல் பிளேன் ஷட்டர் கொண்ட கேமராக்கள் ஏறக்குறைய 1/200 அல்லது 1/250 நொடிக்கு மேல் ஃபிளாஷுடன் இயல்பாக இணங்குவதில்லை. லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டருக்கு அந்தத் தடை இல்லாததால், வானத்தை நீலமாகவே வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் நிரப்ப முடியும். என்டி ஃபில்டரையும் சேர்த்துக்கொண்டால் அந்த வெயிலிலேயே லென்ஸை எஃப்2-க்குத் திறந்து பின்னணியைக் கரைக்கலாம். இதற்காக மட்டும் எக்ஸ்100 தேடுகிறவர் பழையதை வாங்கினால் எதையும் இழக்கமாட்டார்.

நடுக்கத் தடுப்பு திறந்துவிடும் வேறொரு வழியையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது பழையதில் அனேகமாக முடியாத காரியம். கோயில் மண்டபத்தில் தூண்கள் கூர்மையாக நிற்க, வலம் வருகிறவர்கள் மட்டும் கோடாக இழுபடும் படம் வேண்டுமென்றால் 1/4 முதல் 1/2 நொடி வரை கையில் பிடிக்க வேண்டியிருக்கும். பகலில் என்டி ஃபில்டரைப் போட்டுக்கொண்டு, லெபோ சூலியாவில் திரும்பும் திரிஷாவையும் அசையாத ஐந்தடி நடைபாதையையும் ஒரே படத்தில் வைப்பதும் அத்தகையதே. அசைவை நிறுத்த விரும்புகிறவருக்குப் பயன்படாத நடுக்கத் தடுப்பு, அசைவைக் காட்ட விரும்புகிறவருக்குப் பெரிய கருவியாகிறது. இந்த வகைப் படங்கள் பிடிக்குமானால் பேச்சை இங்கேயே முடித்துக்கொண்டு புதியதை வாங்கிவிடலாம்.

அடுத்தது மெகாபிக்சல். 26.1 என்பது 40.2 ஆகியிருக்கிறது. கேட்பதற்குப் பெரிய தாவலாக இருந்தாலும், படத்தின் நீளவாக்கில் 6240 புள்ளிகள் 7728 ஆகியிருக்கின்றன, அவ்வளவுதான்; அதாவது ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 24 விழுக்காட்டுக் கூடுதல். சுவரில் மாட்டும் அச்சுப்படத்தில் இந்தக் கூடுதலை அடையாளம் காண்பதற்கு நல்ல கண் வேண்டும். வெட்டிப் பயன்படுத்தும்போதுதான் அது வேலைக்கு வரும். இந்த 23 மி.மீ. லென்ஸ் தருவது முழுச்சட்டகக் கேமராவின் 35 மி.மீ.க்கு இணையான கோணம்; அதில் எடுத்த படத்தை 50 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் பழையதில் 13 மெகாபிக்சலுக்குச் சற்றுக் குறைவாகவும், புதியதில் 20-க்குச் சற்றுக் குறைவாகவும் எஞ்சும். 70 மி.மீ. கோணத்துக்கு வெட்டினால் பழையதில் ஆறரை, புதியதில் பத்து. சாலையின் மறுபக்கத்தில் பூக்கட்டும் அம்மாவின் கைகளை, அருகில் போய்த் தொந்தரவு செய்யாமல் எடுக்க நினைப்பவருக்கு இந்தப் பத்து ஒரு பொருட்டு. பெரும்பாலும் கைப்பேசியில் காட்டுவதோடு நிறுத்திக்கொள்பவருக்கு ஆறரையும் போதுமானதைவிட அதிகம்.

லென்ஸ் இந்த 40 மெகாபிக்சலுக்கு ஈடுகொடுக்கிறதா என்ற ஐயம் நியாயமானது. வி வெளிவந்தபோது, எட்டு கண்ணாடிகள் ஆறு தொகுதிகள் என்ற பழைய அமைப்பிலேயே இரண்டாவது ஆஸ்ஃபெரிக்கல் கண்ணாடியைச் சேர்த்து இந்த லென்ஸைத் திருத்தினார்கள். விஐ-யில் அதை மீண்டும் தொடவில்லை. எஃப்4 முதல் எஃப்8 வரை புதிய சென்சாரின் கூடுதல் நுணுக்கம் படத்தில் வந்து சேர்கிறது. எஃப்2-இல், குறிப்பாக ஓரங்களிலும் மிக அருகில் எடுக்கும்போதும், லென்ஸின் மென்மைதான் எல்லையை வரையறுக்கிறது. அங்கே கூடுதல் மெகாபிக்சல் அந்த மென்மையையே பெரிதாக்கிக் காட்டும். இதற்கான விலையை ஹார்டு டிஸ்கும் கொடுக்கிறது: ரா கோப்புகள் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை) ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெருக்கின்றன. இரண்டிலும் ஒரே ஒரு எஸ்டி கார்டு இடம், அதுவும் யுஎச்எஸ்-1 வேகத்தோடு நின்றுவிடுகிறது என்பதால், தொடர்ச்சியாகச் சுட்டபின் படங்கள் எழுதி முடிக்கப்படும் வரை காத்திருப்பது புதியதில்தான் அதிகம். 2024-இல் இவ்வளவு விலைக்கு விற்கும் ஒரு கேமராவில் இதைத் திருத்தாமல் விட்டது கஞ்சத்தனம் என்பதே என் கருத்து.

குவியத்தை (ஃபோகஸ்) பொறுத்தவரை புதிய எக்ஸ்-பிராசசர் 5 சில்லு முகத்தையும் கண்ணையும் விடாமல் பற்றிக்கொள்கிறது. விலங்கு, பறவை, கார், மோட்டார் சைக்கிள், மிதிவண்டி, விமானம், ரயில் ஆகியவற்றையும் அடையாளம் காண்கிறது. ஆனாலும் லென்ஸைத் தள்ளும் மோட்டார் பழைய வேகத்தோடுதான் ஓடுகிறது. மூளை வேகமாகிவிட்டது, கால் வேகமாகவில்லை. ஓடிவரும் குழந்தையைத் தொடர்ந்து பிடிக்க நினைப்பவருக்கு இரண்டுமே ஏமாற்றந்தான், புதியது சற்றுக் குறைந்த ஏமாற்றம். தெருவில் தூரத்தை முன்கூட்டியே குறித்து, எஃப்8-இல் வைத்துச் சுடும் பழக்கமுள்ளவர் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

காணொளியில் ஐயத்திற்கு இடமில்லை. 6.2கே, 4கே 60 சட்டகம், கேமராவுக்குள்ளேயே 10 பிட் பதிவு எல்லாம் விஐ-யில் உண்டு. வி-யில் கார்டுக்குள் பதிவது 8 பிட் 4கே 30 சட்டகத்தோடு முடிந்துவிடுகிறது. ஆனால் இரண்டுமே விசிறி இல்லாத சிறிய உடல்கள். பினாங்கு வெயிலில் நெடுநேரக் கல்யாணக் காணொளிக்கு இவற்றை நம்பக்கூடாது. நிறத்தைப் பொறுத்தவரை விஐ-யில் ரியாலா ஏஸ், நாஸ்டால்ஜிக் நெக் முதலிய மூன்று ஃபிலிம் சிமுலேஷன்கள் (பழைய ஃபிலிம்களின் நிறச்சாயலைத் தரும் தேர்வுகள்) கூடி மொத்தம் 20 ஆகியிருக்கின்றன. பலர் விரும்பும் கிளாசிக் நெகடிவ் வி-யிலேயே இருக்கிறது. மழைக்காப்பு இரண்டிலும் அரைகுறைதான்: 49 மி.மீ. அடாப்டர் வளையமும் காப்பு ஃபில்டரும் போட்டால் மட்டுமே முன்பகுதி அடைபடும். பினாங்கின் பிற்பகல் மழையை அறிந்தவர் அந்தச் செலவையும் கேமராவின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இனி பணம். அமெரிக்க அறிமுக விலையில் வி 1,399 டாலர், விஐ 1,599 டாலர். புதியது புதியதோடு ஒப்பிட்டால் வேறுபாடு 14 விழுக்காடுதான். ரிங்கிட்டின் மதிப்பு ஏறி இறங்குவதால் விகிதத்தைப் பிடித்துக்கொள்வதே நல்லது. வி-யின் உற்பத்தி நின்றுவிட்டதால் இன்று கிடைப்பவை பெரும்பாலும் பிறர் பயன்படுத்தியவை. டிக்டாக் வழியாக வி திடீரெனப் புகழ்பெற்று, நிறுவனத்தால் வேண்டிய அளவு தர முடியாமல் போன காலத்தில், பயன்படுத்தியதன் விலை புதியதன் விலையையே தாண்டியது. அந்தக் காய்ச்சலின் மிச்சம் விற்பவர்கள் சொல்லும் விலையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் வைத்துக்கொள்ளும் அளவுகோல் இது: நல்ல நிலையிலுள்ள வி, புதிய விஐ-யின் விலையில் பத்தில் ஏழு பங்குக்குக் கீழே வந்தால் பேசலாம். அதற்கு மேல் கேட்டால், மேலே சொன்ன குறைகளையெல்லாம் மீறி, உத்தரவாதத்தோடு வரும் விஐ-யே மேல்.

பயன்படுத்திய வி-யை இந்த ஊரில் வாங்குவதில் தனி ஆபத்து ஒன்று உண்டு, அது பூஞ்சணம். லென்ஸைக் கழற்றக்கூடிய கேமராவில் பூஞ்சணம் பிடித்த லென்ஸை மாற்றிவிடலாம். எக்ஸ்100 வரிசையில் லென்ஸும் சென்சாரும் ஒரே உடலுக்குள் அடைபட்டிருப்பதால் அது முடியாது. குவியம் மாறும்போது லென்ஸின் முன்பகுதி சற்று முன்னும் பின்னும் நகர்கிறது. வளையமும் ஃபில்டரும் போடாமல் பயன்படுத்தியிருந்தால் அந்த அசைவோடு ஈரக்காற்றும் தூசியும் உள்ளே போயிருக்கக்கூடும். ஆகவே விற்பவரிடம் ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், கேமரா இரவில் எங்கே உறங்கியது என்று கேட்பது பயன் தரும். டிரை கேபினட் (ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) என்று பதில் வந்தால் நல்லது. அலமாரியில் தோல்பை என்றால் எச்சரிக்கை தேவை. லென்ஸை முழுவதும் திறந்து வைத்து, கைப்பேசி விளக்கைச் சாய்வாகப் பாய்ச்சி, சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு எஃப்16-இல் வெள்ளைச் சுவரையோ வெளிறிய வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கினால் சென்சாரில் படிந்த தூசி கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். அதை வீட்டில் துடைக்க வழியில்லை, பழுதுபார்ப்பவர் உடலைப் பிரித்தாக வேண்டும். என்டி ஃபில்டரைப் போட்டும் எடுத்தும் ஒவ்வொரு படமும், ஒளியியல் காட்சிக்கும் மின்னணுக் காட்சிக்கும் நெம்புகோலைத் தள்ளி ஒவ்வொரு முறையும் பார்த்தால் சோதனை முடிந்தது.

விஐ-யைப் புதிதாக வாங்குகிறவர், கடையில் சொல்லும் விலை அதிகாரபூர்வ மலேசியச் செட்டுக்கா, ஏபி செட்டுக்கா (அதிகாரபூர்வ விநியோகஸ்தர் வழியாக அல்லாமல் இறக்குமதியானது) என்று முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏபி செட் சில நூறு ரிங்கிட் மலிவாக இருந்தாலும் அதற்கான உத்தரவாதத்தைக் கடைதான் தரும். நடுக்கத் தடுப்புக்காக அசையும் சென்சாரை உள்ளே வைத்துப் பூட்டிய ஓர் உடலுக்கு, அந்தச் சில நூறைக் கொடுத்து அதிகாரபூர்வச் செட்டையே வாங்கும்படி கேட்பவர்களிடம் சொல்லிவருகிறேன்.