வாங்கிய வீட்டில் கண்டபடி இழுத்த வயரிங்: கொத்திப் பதிப்பதா, கேசிங்கில் வெளியே ஓட்டுவதா?

திருச்சியில் நாங்கள் வாங்கிய வீடு எண்பதுகளில் கட்டியது. முதலில் கீழே மட்டும், அப்புறம் மாடியில் ஒரு அறை, அப்புறம் வாடகைக்கு ஒரு போர்ஷன். ஒவ்வொரு முறையும் கையில் கிடைத்த வயரை ஜன்னல் வழியாகவும் பரண் மேலாகவும் இழுத்து, டேப் சுற்றி ஜாயின்ட் போட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு வீடு கைக்கு வந்தால் செய்வதற்கு மூன்று வழிதான் உண்டு: இருப்பதைச் சீர்படுத்திக்கொண்டு குடிபோகலாம், சுவரைக் கொத்தி மொத்தமாக கன்சீல்டு வயரிங் செய்யலாம், அல்லது பழைய வயரை மெயினிலேயே துண்டித்துவிட்டுப் புதுசாக பிவிசி கேசிங்கில், அதாவது மூடி போட்ட பிளாஸ்டிக் பட்டைக்குள், சுவர்மேல் ஓட்டலாம். நாங்கள் செய்தது மூன்றாவது. அதையே சொல்லவும் வந்திருக்கிறேன்.

சீர்படுத்திக்கொள்ளும் வழி செலவு குறைவு என்பதால் எல்லாருக்கும் ஆசை வரும். வெளியே தொங்குவதை மட்டும் கிளிப் அடித்து நேராக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஆபத்து தொங்கும் இடத்தில் இல்லை. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர் சுமார் 13 ஆம்பியர் இழுக்கும். எங்கள் வீட்டில் அதற்கு லைட் பாயிண்டிலிருந்து 1 ஸ்கொயர் எம்எம் என்ற மெல்லிய வயர் போயிருந்தது. ஒரு பிளக்கில் எர்த் பின்னையும் நியூட்ரலையும் சின்னத் துண்டு வயரால் இணைத்து வைத்திருந்தார்கள். எங்காவது அந்த நியூட்ரல் விட்டுப்போனால் வாஷிங் மெஷினின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். இதெல்லாம் போர்டைக் கழற்றினால்தான் தெரியும்.

"ஒரு ஆர்சிசிபி போட்டுடுங்க, போதும்" என்பார்கள். ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும், 30 மில்லி ஆம்பியர் போடுங்கள். ஆனால் அது ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று பார்த்து, குறைந்தால் லைனைத் துண்டிக்கும் கருவி. பல பேர் கை வைத்த வீட்டில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் சாதா லைனின் நியூட்ரலும் எங்கோ கலந்திருக்கும். யாரும் எதையும் தொடாமலே டிரிப் ஆகிக்கொண்டே இருக்கும். கடைசியில் தொல்லை தாங்காமல் ஆர்சிசிபியை விட்டுவிட்டு லைனை நேராகக் கொடுத்துவிடுவார்கள். பாதுகாப்பு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு அது இல்லாமல் வாழ்வதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

கன்சீல்டு அழகு, அதில் பேச ஒன்றுமில்லை. பாத்ரூம், தரை, பெயின்ட் என்று மொத்த வீட்டையும் புதுப்பிக்கப் போகிறவர்கள் தாராளமாக அதையே செய்யலாம். குடியிருந்துகொண்டே செய்வது கஷ்டம். நாலரை இஞ்ச் சுவரில் குறுக்குவாட்டில் ஆழமாகக் கொத்தக்கூடாது, மெட்ராஸ் டெரஸ் கூரையை (மரக்கட்டை மேல் செங்கல் அடுக்கிய பழைய கூரை) கொத்துவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம், எலக்ட்ரீஷியன் போனபிறகு கொத்தனார், அவருக்குப் பின்னால் பெயின்டர்.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது தூசியோ செலவோ இல்லை, பராமரிப்பு. யோசித்துப் பாருங்கள், இந்த வீட்டின் வயரிங் ஏன் இவ்வளவு அலங்கோலம் ஆனது? முதலில் போட்டது கன்சீல்டு. பைப் சுவருக்குள் போய்விட்டது, அதற்குள் இன்னொரு வயர் நுழைய இடமில்லை, அதனால் பின்னால் வந்த ஃபிரிட்ஜ், மோட்டார், ஏசி எல்லாம் வெளியே தொங்க ஆரம்பித்தன. இன்று மறுபடியும் கொத்திப் பதித்தால், நாளைக்கு இன்னொரு ஏசியோ வண்டிக்கு சார்ஜரோ வரும்போது அதே கதைதான். கேசிங்கில் மூடியைக் கழற்றினால் எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்க்கலாம். ஒரு பிளக் வேலை செய்யவில்லையா, எது மேல் சந்தேகமோ அதை மட்டும் மாற்றலாம். கொஞ்சம் அகலமான சைஸாக வாங்கி உள்ளே காலி இடம் விட்டால், அடுத்து வருகிறவருக்கும் ஒழுங்கான வழி இருக்கும். டேப் ஜாயின்ட் போட வேண்டிய அவசியமே வராது.

குறைகளும் உண்டு. மூலையில் தூசி சேரும், வெயில் படும் சுவரில் நாளாக நாளாக மஞ்சளாகும் என்கிறார்கள். எங்களுடையது இன்னும் புதுசு. விற்கும்போது வாங்க வருகிறவர் முகம் சுளிக்கலாம், அதையும் நாங்கள் இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஈரம் படும் இடத்துக்குக் கேசிங் கூடாது. பாத்ரூம் பக்கமும் மொட்டை மாடியிலும் பிவிசி பைப்தான் போட்டோம்.

வயர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர் எம்எம், ஒவ்வொன்றுக்கும் தனி எம்சிபி (லோடு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), எல்லாப் பாயிண்டுக்கும் பச்சை எர்த் வயர். இன்வெர்ட்டருக்கு நியூட்ரலை டிபி பாக்ஸிலிருந்தே (எம்சிபிகள் இருக்கும் பெட்டி) தனியாக எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்த லைனை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கூலி பேசும்போது ஒன்று. வயரிங் வேலைக்குப் பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில்தான் கூலி, அதாவது ஒரு லைட், ஃபேன், பிளக்குக்கு இவ்வளவு என்று. பழைய வயரை உருவி எடுப்பது எந்தப் பாயிண்டிலும் வராது என்பதால் அப்படியே விட்டுப் போய்விடுவார்கள். அதற்குத் தனியாக ஒரு தொகை முதலிலேயே பேசிவிடுங்கள். உருவ முடியாத இடத்தில் இரண்டு முனையும் துண்டிக்கப்பட்டிருக்கிறதா என்று டெஸ்டரோடு கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.